கப்பல் வராத நாட்கள்

மாயாபந்தர்
12 ஜூன் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

அகிலா எழுதுகிறேன். பானு அண்ணி போனில் என் மெசேஜைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்களாம். போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் காது மந்தம், கிட்டே வந்து சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும். தபால்காரர் கையில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர் வேலையை விட்டுத் தீவுக்குத் திரும்பி வந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை. நம் சிப்பிகாட் வீட்டில் இருந்த ஒரு வாரமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பஸ் ஏறப் புறப்பட்டபோது கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கூண்டுக்கு அன்றைக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

இங்கே வேலையில் சேர்ந்துவிட்டேன். டிரஸ்ட் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி. ஊருக்கு வெளியே, மேட்டில் இருக்கிறது. குழந்தைகளுக்கென்று டாக்டர் இதுவரை இருந்ததில்லை. பிரசவம் நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் குழந்தை எடை குறைவாகப் பிறந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, துணியில் சுற்றி ஆம்புலன்ஸில் போட்டு போர்ட் பிளேருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்கப் போகும். நடுவில் வண்டியோடு படகில் ஏறிக் கடக்க வேண்டும்.

நான் சேர்ந்த வாரமே ஒரு பெண் குழந்தையை அப்படி அனுப்பினோம். கூடப் போனவள் சித்ரா சிஸ்டர், ரங்கத் ஊரில் வளர்ந்தவள், நம்மைப் போலவே சிலோனிலிருந்து வந்த ஜனம். படகுக்குக் காத்திருந்தபோது குழந்தை சில்லிட்டு இறந்துபோயிருக்கிறது. வண்டி பாதி வழியில் திரும்பி வந்தது. சித்ரா இறங்கி, "டாக்டரம்மா, புள்ளைக்கு வியாதி ஒண்ணும் இல்ல. குளிருதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது சூடு, கொஞ்சம் ஆக்சிஜன், குழாய் வழியாகத் துளித்துளியாகத் தாய்ப்பால். மூன்றையும் இங்கேயே கொடுக்கலாம். பிரசவ அறைக்குப் பின்னால் பழைய கட்டில்கள் போட்டு வைத்திருக்கும் ஓர் அறை இருக்கிறது. அதைக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் சூப்பிரண்டெண்ட் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி சிரித்தார். "மெயின்லேண்ட்ல இருந்து வர்றவங்க எல்லாரும் முதல் மாசம் ஏதாவது ஒரு ரூம் கேப்பாங்கம்மா. ஆறாவது மாசம் டிக்கெட் கேப்பாங்க" என்றார். நான் மெயின்லேண்டிலிருந்து வந்தவள் இல்லை, கச்சால் தீவில் பிறந்தவள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. உங்கள் முட்டிவலிக்கு எழுதித் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உங்கள்
அகிலா

சிப்பிகாட்
30 ஜூன் 2023

மகள் அகிலாவுக்கு அப்பா ஈஸ்வரன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. முட்டிவலி அப்படியே இருக்கிறது. கோழிக்கூண்டுக்கு அவசரம் இருந்தது. கீரி வருகிறது.

பக்கத்து வீட்டு தேவேந்திரன் தினமும் கேட்கிறான், "என்னங்க, டாக்டர் பிள்ளைக்கு அங்க ஏதும் பிரச்சினையா, தீவுக்கு மாத்திட்டாங்களா" என்று. தானாக விட்டுவிட்டு வந்தாள் என்று சொன்னால் அவன் நம்பமாட்டான். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதனால் ஆமாம் மாத்திட்டாங்க என்று சொல்லிவிட்டேன்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். சிலோனில் தேயிலைத் தோட்டத்தை விட்டு எங்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். சர்க்கார் எங்களைக் கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டது. நான் அங்கே பால் வெட்டினேன். சுனாமி வந்தது, இங்கே வந்தோம். ஒவ்வொரு இடத்திலும் யாரோ கொண்டுவந்து விட்டுத்தான் நாங்கள் இருந்தோம். நீ ஒருத்தியாவது உன் இஷ்டத்துக்கு ஓர் ஊரில், ரோடும் ரயிலும் பெரிய ஆஸ்பத்திரியும் உள்ள ஊரில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ உன் இஷ்டத்துக்குத்தான் இருக்கிறாய். அதுதான் இப்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உன் தம்பியை நீ மறந்திருப்பாய். உனக்கு அப்போது நான்கு வயது. அவனுக்கு மூச்சு வாங்கியபோது அம்மாவும் நானும் அவனைத் தூக்கிக்கொண்டு கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் போய் உட்கார்ந்தோம். கப்பல் வரவில்லை. மறுநாளும் கடல் சரியில்லை, வரவில்லை. அங்கேயும் ஒரு டாக்டர் இருந்தார். நல்ல மனிதர். எங்களோடு அவரும் ஜெட்டியில் வந்து உட்கார்ந்திருந்தார். அவரால் என்ன செய்ய முடிந்தது? கப்பல் வராவிட்டால் டாக்டர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். நீ போய் அந்த மனிதரைப் போல உட்காரத்தான் இவ்வளவு படித்தாயா?

கோயம்புத்தூரில் உன் இடத்தை இன்னும் வைத்திருப்பார்கள். கேட்டுப் பார்.

அப்பா

மாயாபந்தர்
21 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபமாக வந்தது, கிழித்துவிட்டேன். இது அதற்குப் பிறகு எழுதுவது.

தம்பியை நான் மறக்கவில்லை. அம்மாவின் சேலைத் தலைப்பு உப்புத் தண்ணீரில் நனைந்து என் முகத்தில் பட்டது நினைவிருக்கிறது. வேறு எதுவும் நினைவில்லை. ஆனால் அது ஒன்றே போதும்.

நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. கப்பலை நம்பி உட்கார்ந்திருக்கிற டாக்டரால் பிரயோஜனம் இல்லை. கப்பல் வருகிற நாளில் என்னைப் போல ஆயிரம் பேர் போர்ட் பிளேரிலும் மெட்ராஸிலும் இருக்கிறார்கள். கப்பல் வராத நாளுக்காகத்தான் அப்பா நான் வந்திருக்கிறேன். எனக்கு ஜெட்டி வேண்டாம். அந்த அறைதான் வேண்டும்.

அறை கிடைத்துவிட்டது. கட்டில்களை நானும் சித்ராவும் ஆயா ஒச்சம்மாவும் இழுத்து வெளியே போட்டோம். சுவரில் பூஞ்சை. சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம். கோயம்புத்தூரில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பழைய வார்மர் அனுப்பினார்கள். குழந்தையைப் படுக்க வைத்தால் மேலிருந்து சூடு கொடுக்கும் மேடை அது. ஜெட்டியில் இறக்கும்போது ஒன்றைக் கீழே போட்டுவிட்டார்கள். மற்றது நன்றாக வேலை செய்கிறது.

மூச்சுக்கு நான் செய்திருப்பது உங்களுக்குப் பிடிக்கும். குழந்தையின் மூக்கில் மெல்லிய குழாய் வைத்து ஆக்சிஜனும் காற்றும் கலந்து விடுகிறோம். குழாயின் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் அளவு பார்த்து முக்கி வைத்திருக்கிறோம். தண்ணீர் தடுக்கிற தடுப்பில் காற்று உள்ளே நின்று, சின்ன நுரையீரல் ஒட்டிப் போகாமல் விரிந்தே இருக்கும். பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். பெரிய மெஷின் வேண்டாம். உலகத்தில் பல ஊர்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் குழந்தைகளை அனுப்பாமல் இங்கேயே வைத்துப் பார்க்க கிருஷ்ணமூர்த்தி சார் இன்னும் சம்மதிக்கவில்லை. "இங்க வெச்சிருந்து குழந்தை போச்சுன்னா பேர் நமக்கு. அனுப்பி வழியில போச்சுன்னா விதி" என்கிறார். கெட்டவர் இல்லை. பயப்படுகிறார். இந்த மாதம் ஐந்து குழந்தைகளை நான் அனுப்பவில்லை. ஐந்தும் வீட்டுக்குப் போய்விட்டன.

தேவேந்திரன் மாமாவிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள்
அகிலா

சிப்பிகாட்
14 செப்டம்பர் 2023

மகள் அகிலாவுக்கு,

தேவேந்திரனிடம் சொல்லவில்லை. சொல்ல நேரம் வரவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்குச் சில சந்தேகங்கள். கரண்ட் போனால் அந்த மேடை சூடு கொடுக்குமா? மாயாபந்தரில் காற்றடித்தால் முதலில் போவது கரண்ட்தான். அப்போது என்ன செய்வாய்? அந்தப் பாட்டிலைக் குழந்தையின் அம்மாவோ வேறு யாரோ தட்டிவிட்டால்? உனக்கே காய்ச்சல் வந்து படுத்தால் அதை யார் பார்ப்பார்கள்? எல்லாம் உன் ஒருத்தி தலையில் இருந்தால் அது ஆஸ்பத்திரி இல்லை.

உன் பேச்சை நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. கேட்டேன், அவ்வளவுதான்.

உன் அண்ணன் நந்தகுமார் கப்பல் வேலையில் தெற்கே கேம்பல் பே போயிருக்கிறான். பானு நன்றாகச் சமைக்கிறாள், உப்புத்தான் குறைவு. நீதான் குறைக்கச் சொன்னாயாமே.

அப்பா

மாயாபந்தர்
19 நவம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கேள்விகளை சித்ராவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்பாவ இங்க இன்சார்ஜா போட்டுரலாம்" என்றாள்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. அதுவும் போனால் அம்மாவின் நெஞ்சு இருக்கிறது. துணி இல்லாமல் குழந்தையை அம்மாவின் மார்போடு ஒட்டிக் கட்டிவிடுகிறோம். அந்தச் சூட்டுக்கு எந்த மேடையும் ஈடில்லை. முதலில் எல்லோரும் வெட்கப்பட்டார்கள். ஒச்சம்மா இருக்கிற பாஷையெல்லாம் கலந்து பேசிச் சரிசெய்துவிட்டாள். இப்போது அப்பாமார்களும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் உட்காருகிறார்கள். பாட்டிலைச் சுவரோடு கம்பி போட்டுக் கட்டிவிட்டோம். என் ஒருத்தி தலையில் என்றீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து மூன்று சிஸ்டர்களுக்கும் தினமும் பாடம் நடத்துகிறேன். நான் இல்லாததுபோல நடிக்கிறேன், அவர்கள் செய்கிறார்கள்.

இன்னொரு செய்தி. போன வாரம் சார் எழுத்தில் ஆர்டர் போட்டுவிட்டார். இரண்டு கிலோவுக்குக் கீழே எந்தக் குழந்தையையும் இங்கே வைக்கக் கூடாது, உடனே போர்ட் பிளேர் அனுப்ப வேண்டும். மீறினால் டிரஸ்ட் கமிட்டி முன்னால் நிற்க வேண்டும். வேலையும் போகலாம். யாரோ மேலே புகார் சொல்லியிருக்கிறார்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. கோயம்புத்தூரில் இடம் இன்னும் இருக்கிறது, போன மாதம்கூடக் கேட்டார்கள். ஆனால் அந்த ஆர்டரை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனேன் அப்பா, ஒன்றரைக் கிலோவில் ஒரு பையன் குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். அவனை எந்த வண்டியில் ஏற்றுவது?

உங்கள்
அகிலா

மாயாபந்தர்
4 டிசம்பர் 2023

அப்பா,

இது தபாலில் போகாது. எழுதினால் தூக்கம் வராது என்பதால் எழுதுகிறேன்.

புயல். கப்பல் இல்லை, ஹெலிகாப்டர் இல்லை, ரோட்டில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. மிதாலி என்ற பெங்காலிப் பெண்ணுக்கு நாள் ஆகும் முன்பே பிரசவம். இரட்டை. ஒரு பையன், ஒரு பெண். இரண்டும் சேர்ந்தால்கூட சரியான எடைக்கு ஒரு குழந்தை ஆகாது. அனுப்ப வழியே இல்லை, அதனால் ஆர்டரை மீறுகிறேனா இல்லையா என்று சாருக்கே தெரியவில்லை. அறை வாசலில் வந்து நின்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

குமிழி ஓடுகிறது. பையன் பரவாயில்லை. பெண் மூச்சு விட மறந்துபோகிறாள். சீக்கிரம் பிறந்த குழந்தைகள் அப்படித்தான், மூளை இன்னும் பழகவில்லை. நின்றுவிடும். உள்ளங்காலைச் சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி விடுவாள். அதை ஞாபகப்படுத்த ஒரு மருந்து இருக்கிறது, கஃபைன். இருந்தது தீர்ந்துகொண்டிருக்கிறது. தீர்ந்தபின் முறைபோட்டுக் காலைச் சுண்ட வேண்டியதுதான். மிதாலி என் முகத்தையே பார்க்கிறாள். "தீதி, ஸான்ஸ் லே ரஹி ஹை க்யா?" என்று ஹிந்தியில் கேட்கிறாள், குழந்தை மூச்சு விடுகிறாளா என்று. மூச்சு விடுகிறாள், விடுகிறாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

டவர் கொஞ்சம் வந்தபோது பானு அண்ணிக்கு மருந்துப் பெயரை அனுப்பினேன். அண்ணன் கடலில். யார் கொண்டுவருவார்களோ தெரியவில்லை.

சித்ரா கூப்பிடுகிறாள்.

சிப்பிகாட்
17 டிசம்பர் 2023

என் மகள் டாக்டர் அகிலாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். நீ கையில் கொடுத்த காகிதத்தை பஸ்ஸில் படித்தேன். அங்கே உன்னிடம் அதிகம் பேசவில்லை. எனக்குப் பேச வராது, உனக்கு நேரம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பானு அந்த மருந்துப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். "மாமா, இத வாங்கித் தர்றேன், பஸ் விட்டதும் யாராவது டிரைவர் கையில குடுத்து அனுப்பலாமா" என்று கேட்டாள். டிரைவர் ஏன், நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று சட்டையை மாட்டினேன். மரங்களை அறுத்துத் தள்ளி வழிவிட்ட முதல் பஸ். மருந்துப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ன என்று கேட்டான். காப்பியில் இருக்கிற சரக்கு, பிள்ளைகளுக்கு மூச்சு வர என்று சொன்னேன். பைத்தியம் என்று நினைத்து இடம் மாறி உட்கார்ந்தான். நாங்கள் தேயிலை ஜனம், காப்பியை நம்பிப் போகிறோமே என்று எனக்கும் சிரிப்பு வந்தது.

நீ மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினாய். நின்று அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தது.

பிறகு சித்ரா என்னைக் கை கழுவச் சொன்னாள். போதாது என்று மறுபடி கழுவச் சொன்னாள். எல்லோரும் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள், உன் பெரிய டாக்டர் உள்பட. மருந்து வேலை செய்ய நேரம் ஆகும் என்று சொல்லி, அந்தப் பெண் பிள்ளை பக்கத்தில் என்னை உட்கார வைத்தாள். "தாத்தா, நெஞ்ச மட்டும் பாருங்க. நின்னா கால சுண்டுங்க" என்று காதருகே வந்து, கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குக் காது கேட்காதும்மா, அந்த மிஷின் சத்தம் போட்டாலும் தெரியாது என்றேன். "அதான் நல்லது, கண்ண எடுக்க மாட்டீங்க" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.

எடுக்கவில்லை அகிலா. என் உள்ளங்கைக்குள் அடங்கும் நெஞ்சு. ஏறி இறங்குகிறது. ஒருமுறை நின்றது. சுண்டினேன். அவள் என்னைத் திட்டுவது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். நான் பால் வெட்டியிருக்கிறேன், வீடு கட்டியிருக்கிறேன், கடல் கொண்டுபோன பிறகு மறுபடி கட்டியிருக்கிறேன். இந்தக் கை இதுவரை செய்ததில் இதற்குச் சமமாக எதுவும் இல்லை.

உன் தம்பியை நினைத்தேன். அழவில்லை. கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

நான் சொன்னது தப்பு என்று எழுத வரவில்லை. நீ செய்தது சரி என்று எழுத வந்தேன். கமிட்டிக்காரர்கள் என்ன சொன்னாலும் எழுது. வேலை போனால் போகட்டும், இங்கே சோறு இருக்கிறது. ஆனால் அந்த அறையை விட்டுவிடாதே.

தேவேந்திரனிடம் சொல்லிவிட்டேன். முழுவதும் சொல்ல அரை நாள் ஆனது.

அப்பா

மாயாபந்தர்
28 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கமிட்டி முடிந்தது. என்னைக் கேட்பதற்கு முன்பு கிருஷ்ணமூர்த்தி சார் எழுந்து நின்றார். "என் ஆர்டர் இருக்கும்போதே டாக்டர் அகிலா குழந்தைகளை இங்க வெச்சு பார்த்தாங்க. ரூல்படி தப்பு. அத எழுதிக்குங்க" என்றார். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். "எழுதியாச்சா? அடுத்தது எழுதுங்க. அந்த ஆர்டர நான் வாபஸ் வாங்குறேன். எட்டுப் படுக்கைக்கு வார்டு வேணும், நாலு சிஸ்டர் வேணும். இனிமே இந்த ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து சூடு இல்லாம ஒரு குழந்தை வண்டி ஏறக் கூடாது" என்றார். கமிட்டித் தலைவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வார்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

உள்ளே மிதாலி உட்கார்ந்திருந்தாள், நெஞ்சில் ஒரு பக்கம் பையன், ஒரு பக்கம் பெண். தலைவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் விரலை உதட்டில் வைத்து, "தூங்குறாங்க" என்று சித்ராவிடம் கற்ற தமிழில் சொல்லிவிட்டாள். அவ்வளவு பெரிய மனிதர்கள் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார்கள்.

கையெழுத்தாகிவிட்டது அப்பா. எட்டுப் படுக்கை.

உங்கள்
அகிலா

மாயாபந்தர்
2 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் இங்கே மறுபடி பெரிய காற்று. எனக்குக் காய்ச்சல். குவார்ட்டர்ஸில் போர்வைக்குள் கிடந்தேன், போன் எடுக்கவே இல்லை. தெளிந்து எழுந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன்.

வெபி கிராமத்திலிருந்து ஒரு கரேன் இனப் பெண் புயலுக்கு நடுவே வந்து பிரசவித்திருக்கிறாள். குழந்தை பிறந்ததும் அழவில்லை. சித்ரா குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடி ரப்பர்ப் பையை அமுக்கி மூச்சு கொடுத்திருக்கிறாள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் குழாயும் பாட்டிலும் மாட்டியிருக்கிறார்கள். ஒச்சம்மா அந்தத் தாயை உட்கார வைத்துக் குழந்தையைக் கட்டிவிட்டிருக்கிறாள். கரண்ட் போயிருக்கிறது, வந்திருக்கிறது. போர்ட் பிளேருக்கு யாரும் போன் செய்யவில்லை. கப்பல் எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

நான் போனபோது குழந்தை தானாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது. சித்ரா சார்ட்டில் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "டாக்டரம்மா, காய்ச்சலோட உள்ள வராதீங்க" என்று கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்கு வெளியே வெகு நேரம் நின்றேன். எட்டுப் படுக்கையில் ஆறு குழந்தைகள். ஆறும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. என்னை யாருமே கூப்பிடவில்லை அப்பா. நான் செய்த வேலையிலேயே இதுதான் நல்ல வேலை.

அதனால் முதல்முறையாகப் பத்து நாள் லீவு கேட்டேன். சார் உடனே கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அண்ணியிடம் மீன் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். உப்பு உங்கள் இஷ்டத்துக்குப் போடட்டும், ஒரு நாளைக்குப் பரவாயில்லை.

உங்கள் மகள்
அகிலா